தேனுக்கு மசியாத நோயாளி: கசப்பு மருந்தின் வரலாறும் ஒரு தாமல் பூனையும்



இந்த நிகழ்ச்சிக்கு வர்ற கேள்விகள் பெரும்பாலும் ராஜாக்கள், போர்கள், கோயில்கள் பத்தித்தான் இருக்கும். கொஞ்ச நாளா வேற மாதிரி ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "எங்க வீட்டுப் பூனைக்கு மாத்திரை கொடுக்கவே முடியலை. அந்தக் காலத்துல எப்படித்தான் கொடுத்தாங்க?"

முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா இது சின்னக் கேள்வி இல்லை. மருத்துவ வரலாறுன்னு நாம படிக்கிறது, மருந்தை யார் கண்டுபிடிச்சாங்க என்பதோடு முடிஞ்சுடும். ஜென்னர் அம்மைக்குத் தடுப்பு கண்டுபிடிச்சார். ஃப்ளெமிங் பெனிசிலின் கண்டுபிடிச்சார். சரி. கண்டுபிடிச்ச அந்த மருந்து, வேண்டாம்னு வாயை இறுக்கி மூடிக்கிட்ட ஒரு உயிருக்குள்ள எப்படிப் போச்சு? மருத்துவத்தில் பாதி வேலை அதுதான். அந்தப் பாதியைச் செய்தவங்க பேர் பாடப்புத்தகத்தில் வராது. பாட்டிகள், செவிலியர்கள், ஊர் ஊராகப் போய் அம்மை குத்தியவர்கள், மாட்டுக்குக் கஷாயம் ஊத்தினவர்கள்.

இன்னைக்கு அந்தப் பாதியைப் பத்திப் பேசலாம். அதுக்கு வழிகாட்டியா ஒரு பூனையை வச்சுக்கலாம். ஏன் பூனைன்னா, மனுஷன் கண்டுபிடிச்ச பழைய தந்திரங்கள் ஒவ்வொண்ணும் தோத்துப் போற இடம் அதுதான்.

துணை மருந்து

சித்த மருத்துவத்தில் 'அனுபானம்' என்று ஒரு சொல் உண்டு. துணை மருந்து என்றும் சொல்வார்கள். சூரணத்தையோ பஸ்பத்தையோ வெறுமனே விழுங்கச் சொல்வதில்லை. தேன், நெய், பால், வெந்நீர், பனைவெல்லம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எந்த நோய்க்கு எந்த மருந்தை எதில் குழைக்கவேண்டும் என்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி. மருந்தின் வேலைக்கு அது துணை செய்கிறது என்பது வைத்தியர் தரும் விளக்கம். குழந்தைக்கு மருந்து கொடுத்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இன்னொரு காரணமும் சொல்வாங்க: தேன் இல்லைன்னா புள்ள துப்பிடும்.

கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. சுக்கு, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாத்தையும் கல்லில் உரசி, தாய்ப்பாலில் குழைச்சு, சங்கில் எடுத்து வாயோரமா விடுவாங்க. அந்தச் சங்கின் மூக்கைக் கவனிச்சுப் பாருங்க. சின்ன வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறதுக்குத் தோதான வடிவம். மாட்டுக்கு மூங்கில் குழாயின் ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, தலையை அண்ணாத்திப் பிடித்துக் கஷாயம் ஊற்றினார்கள். இதெல்லாம் மருந்து இல்லை. மருந்தை உள்ளே அனுப்புற தொழில்நுட்பம்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்த கதையும் இல்லை. 1860களில் பிரிட்டிஷ்காரர்கள் தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். அந்த மரப்பட்டையில் இருந்துதான் மலேரியாவுக்கான குயினைன். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. அதைச் சமாளிக்க சர்க்கரையும் சோடாவும் கலந்தார்கள். லண்டனைச் சேர்ந்த எராஸ்மஸ் பாண்ட் 1858இல் அப்படி ஒரு குயினைன் பானத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நீங்க சனிக்கிழமை ராத்திரி ஆர்டர் பண்ற ஜின் அண்ட் டானிக்கில் இருக்கிற அந்த டானிக், ஒரு மருந்தை விழுங்க வைக்க எடுத்த முயற்சியின் மிச்சம்.

1834இல் பாரிஸில் ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குக் காப்புரிமை பதிவானது. நாக்கு கசப்பைத் தொடுவதற்குள் தொண்டையைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் சேபினின் போலியோ சொட்டு மருந்தைச் சர்க்கரைக் கட்டியில் விட்டுக் கொடுத்தார்கள். பாடலாசிரியர் ராபர்ட் ஷெர்மனின் பையன் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் வாங்கிக்கிட்டு வந்தான். அதைக் கேட்டுத்தான் 1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் சர்க்கரைப் பாட்டு பிறந்தது.

தேன், வெல்லம், சோடா, சர்க்கரைக் கட்டி. எல்லாமே ஒரே யோசனைதான். இனிப்பைக் காட்டிக் கசப்பைக் கடத்துறது.

பூனையின் நாக்கு

இப்ப பூனைகிட்ட வருவோம். இந்த யோசனை பூனையிடம் செல்லாது. பிடிவாதத்தால் இல்லை, பிறவியிலேயே அப்படி.

2005இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கிற மோனெல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இனிப்பை உணரும் ஏற்பி உருவாக நாக்குக்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். பூனையிடம் அதில் ஒன்று உடைந்து கிடக்கிறது. வேலை செய்யவில்லை. வீட்டுப் பூனை மட்டும் இல்லை, அவர்கள் சோதித்த புலியும் சீட்டாவும் அப்படித்தான். இறைச்சி மட்டுமே சாப்பிட்டுப் பிழைக்கிற குடும்பத்துக்குப் பழத்தின் இனிப்பு தேவைப்படவில்லை. தேவைப்படாத மரபணு வழியில் எங்கேயோ கெட்டுப்போனது, யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் கசப்பு ஏற்பிகள் பூனையிடம் நன்றாகவே வேலை செய்கின்றன. 2015இல் வந்த ஆய்வுகள் அதைக் காட்டின. அதாவது கசப்பு முழுசாகத் தெரியும், அதை மூடி மறைக்கிற இனிப்பு மட்டும் தெரியாது. நம்ம மருத்துவ வரலாற்றின் மிகப் பழைய தந்திரம் இந்த ஒரு நோயாளியிடம் செல்லாக்காசு.

தாமலில் ஒரு தறிவீடு

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலுசெட்டிசத்திரமும் தாண்டினால் தாமல். பெரிய ஏரி உள்ள ஊர். பஸ்ஸில் போகிறவங்க ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க. அங்கே எங்க அத்தை வீடு. பட்டுத்தறி ஓடுற வீடு.

தறிவீட்டில் பூனை செல்லப்பிராணி மட்டும் இல்லை. "எலி ஒரு ராத்திரி பாவுல வாய் வச்சா ஒரு மாசக் கூலி போச்சு கண்ணு" என்பாங்க அத்தை. அவங்க வீட்டில் இருந்தது மஞ்சள் நிறக் கடுவன் பூனை. பேர் சரிகை. போன மழைக்காலத்தில் வேற ஒரு கடுவனோட சண்டை போட்டு, கழுத்தில் கடிபட்டு, அது சீழ் கட்டி வீங்கிடுச்சு. பூனைக்கடியில் இது சகஜம். பல்லு குத்தின ஓட்டை சின்னது, மேல்தோல் சீக்கிரம் மூடிக்கும், உள்ளே கிருமி தங்கிடும். டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துட்டு, ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். காலையில் பாதி, சாயந்திரம் பாதி, பத்து நாள். "நடுவுல நிறுத்தாதீங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் அந்த வாரம் அங்கேதான் இருந்தேன்.

முதல் நாள் அத்தை தேனில் குழைச்சு நாக்கில் தடவினாங்க. எங்க எல்லோரையும் வளர்த்த கை. சரிகை தலையை உதறி, வாயெல்லாம் நுரை தள்ளி, தறிக்குழிக்குள் ஓடிப்போனான். நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கசப்புப் பட்டால் பூனைக்கு அப்படி எச்சில் ஊறும்.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோட ஒரு யோசனை சொன்னாங்க. "உடம்பு சுடுதில்ல, நம்ம காய்ச்சல் மாத்திரையில கால் துண்டு குடுங்க." இந்த இடத்தில் நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். கேட்கிற நீங்களும் இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நம்ம கல்லீரல் அதை ஒரு வழியில் மாற்றி வெளியே தள்ளும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. நச்சு தேங்கி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

இரண்டாம் நாள், மாமாவின் பழைய வேட்டி. பூனையை அதில் சுத்தி, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிடிச்சு, மாமா வாயைத் திறக்க, அத்தை மாத்திரையைப் போட்டாங்க. உள்ளே போச்சு. ஆனா அத்தை கையில் மூணு கீறல். வேற வீடா இருந்தா மஞ்சள் தடவிட்டுப் போயிடலாம். பட்டு நெய்யிற கைக்கு அது முடியாது. சொரசொரப்பான தோலில் பட்டு இழை மாட்டும். ரத்தம் ஒரு சொட்டு பட்டாலும் சேலை போச்சு. அன்னைக்குத் தறி ஓடலை.

மூணாம் நாளும் வேட்டிதான். அன்னைக்குச் சாயந்திரம் சரிகை வீட்டுக்கு வரலை.

பிடித்து அமுக்கியவர்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கிறேன். பிடிச்சு அமுக்கி மருந்து கொடுக்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இனிமே சொல்லப்போற இடத்தில் மனுஷங்களைப் பூனையோட ஒப்பிடலை. மருந்து கொடுக்கிறவங்களைத்தான் ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பிடுறேன்.

பெரியம்மைத் தடுப்பு இந்தியாவுக்கு வந்தது 1802இல். பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூணு வயசுக் குழந்தைதான் முதல் ஆள். அந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த அம்மைப்பாலை அடுத்த குழந்தைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைக்குக் கை கடத்தினார்கள். முன்பின் தெரியாத யாருடைய உடம்பிலிருந்தோ எடுத்ததை நம்ம பிள்ளை உடம்பில் குத்துறாங்கன்னா பயம் வராதா? வந்தது. பிறகு 1880இல் தடுப்பூசிச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நகரங்களிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் பிள்ளைக்கு அம்மை குத்தாவிட்டால் குற்றம்.

அதன் உச்சம் 1970களில். பெரியம்மையை ஒழிக்கும் கடைசிக் கட்டத்தில், 1973க்கும் 1975க்கும் நடுவில், பீகார் போன்ற இடங்களில் சில குழுக்கள் ராத்திரியில் வீடு புகுந்து, கதவை உடைத்து, ஆட்களை அமுக்கிப் பிடித்து ஊசி குத்தினார்கள். பால் க்ரீனோ என்ற வரலாற்றாசிரியர் 1995இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வேலையில் இருந்தவர்களே பிறகு வெளிப்படையாகச் சொன்ன சம்பவங்கள் அவை. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. அது மாபெரும் வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் க்ரீனோ கேட்கிற கேள்வி வேறு: அன்னைக்குக் கதவை உடைத்து உள்ளே வந்தவர்களைப் பார்த்த ஊர், அடுத்த ஊசியோடு வருகிறவரை எப்படிப் பார்க்கும்?

பெரியம்மைக்கு ஒரு தடவை பிடித்து அமுக்கினால் ஒரு தடுப்பு கிடைத்தது. பத்து நாள் மருந்துக்கு இருபது தடவை அமுக்கணும். அதுக்குள்ள நோயாளி வீட்டை விட்டே போயிடுவான். தாமலில் நடந்தது அதுதான்.

மீனுக்குள் மாத்திரை

சரிகை அடுத்த நாள் சாயந்திரம் பசியோட திரும்பி வந்தான். அத்தைக்குப் பாதி உயிர் வந்தது. பூனை இரண்டு மூணு நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிஞ்சு உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் காயம் ஒரு பக்கம் என்றால், பட்டினி இன்னொரு பக்கம்.

அடுத்த தந்திரம், ஒளிச்சு வைக்கிறது. ஏரி மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, ஒரு துண்டுக்குள் மாத்திரையைச் செருகினாங்க. இரண்டு வேளை அப்படியே முழுங்கினான். மூணாவது வேளை பல்லில் மாத்திரை கடிபட்டுச்சு. அவ்வளவுதான். மாத்திரையும் வேண்டாம், மீனும் வேண்டாம். அவனுக்கு உயிரான மீன்.

இதுக்கு விஞ்ஞானத்தில் ஒரு பேர் உண்டு. 1950களில் ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை வைத்துக் காட்டினார். ஒரு ருசியோடு ஒரு கெட்ட அனுபவம் ஒரே ஒரு முறை சேர்ந்தால் போதும், அந்த ருசியையே உயிரினம் வெறுத்துவிடும். ஒளிச்சு வைக்கிறவருக்கு இதுதான் ஆபத்து. மாட்டிக்கிட்டா மருந்து மட்டும் போறதில்லை, அதை ஒளிச்சு வச்ச நல்ல பொருளும் சேர்ந்து போகுது.

கல்வி விரும்பன் கடிதம்

இதே மாதிரி மருந்தை ஒளிச்சு வச்ச ஒருத்தர் நம்ம சென்னையிலேயே இருந்தார். பேரைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய எல்லிஸ். பிரான்சிஸ் ஒய்ட் எல்லிஸ், 1810இலிருந்து சென்னையின் கலெக்டர். தமிழும் சமஸ்கிருதமும் ஆழமாகப் படித்தவர். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு 40 வருஷம் முன்னாலேயே எழுதியவர்.

மக்கள் அம்மை குத்திக்கொள்ளத் தயங்குவதைப் பார்த்த எல்லிஸ் ஒரு கதை எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல் தமிழில் ஓர் உரையாடல். பசு நமக்குத் தரும் புனிதமான பொருட்களில் இந்த அம்மைப்பாலும் ஒன்று என்று அதில் வரும். இதை நம் காலத்து ஆய்வாளர் தாமஸ் டிரவுட்மன் எடுத்துக் காட்டியிருக்கிறார். அதோடு, எல்லிஸ் சமஸ்கிருதத்திலும் ஒரு சிறு கவிதை எழுதி, பழைய காகிதத்தில் பதித்து, பழைய சுவடி கிடைத்த மாதிரிக் காட்டினார் என்று அவர் காலத்து ஆங்கிலேயர் பதிவே சொல்கிறது. மாத்திரையை மீனுக்குள் செருகியது போல, தடுப்பூசியைப் புராணத்துக்குள் செருகினார். கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளைகள் பிழைக்கணும் என்பதுதான் எண்ணம்.

1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் பேர் 'கல்வி விரும்பன்'. புனைபெயர். தன்வந்திரி பேரில் உள்ள பழைய நூலிலேயே பசுவின் மடியில் வரும் அம்மைக் கொப்புளத்தை வைத்துத் தடுப்பு செய்வது சொல்லப்பட்டிருக்கிறது என்று அந்தக் கடிதம் சாதித்தது. எல்லிஸ் அதே ஆண்டு இறந்துபோனார். கடிதம் சாகவில்லை. அதை நம்பி ஐரோப்பியப் புத்தகங்கள் எழுதின, அந்தப் புத்தகங்களை நம்பி நம்ம புத்தகங்கள் எழுதின. டொமினிக் வுஜாஸ்டிக் என்ற சமஸ்கிருத ஆய்வாளர் 1987இல் நூல் பிடித்துத் தேடிப்போய், அடியில் அப்படி ஒரு பழைய நூலே இல்லை என்று காட்டினார். 'ஜென்னருக்கு முன்பே நம்மிடம் தடுப்பூசி இருந்தது' என்கிற ஃபார்வர்டு உங்க குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு வந்திருந்தால், அதன் வேர்களில் ஒன்று இந்தக் கடிதம்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கு. இந்தியாவின் சில பகுதிகளில், முக்கியமா வங்காளத்தில், ஜென்னருக்கு முன்பே பெரியம்மைக் கொப்புளத்தின் பொருளை வைத்தே குத்துற பழக்கம் நிஜமாகவே இருந்தது. அது பசு அம்மை இல்லை, வேற முறை, ஆபத்தும் அதிகம். ஆனால் உண்மையான வரலாறு. பொய்ச் சுவடி வெளிப்பட்டபோது உண்மையைச் சொல்கிறவரையும் சந்தேகமாகப் பார்க்கிற நிலைமை வந்தது. மாத்திரையோடு மீனும் போனதுன்னு சொன்னேனே, அது இதுதான்.

மெதுவான வழி

அப்போ என்னதான் வழி? இனிப்பு செல்லாது, பலம் செல்லாது, மறைப்பும் ரொம்ப நாள் செல்லாது.

பூனை மருத்துவமே இந்தக் கேள்விக்குத் தாமதமாகத்தான் வந்தது. வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903இல். 'கால்நடை' என்ற பேரே சொல்லிவிடும், அந்தக் காலத்துக் கவலை உழவு மாடும் குதிரையும்தான். தமிழில் மாட்டு வாகடம் உண்டு, குதிரைக்கும் வாகடம் உண்டு. உலகம் முழுக்கவே பூனை கடைசியில்தான் வந்தது. நியூயார்க்கில் லூயி கமூட்டி என்ற டாக்டர் பூனைகளையே முக்கிய நோயாளிகளாக வைத்து, பல பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்தார். 1980இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பின் தலைப்பு, என் நோயாளிகள் எல்லோரும் கட்டிலுக்கு அடியில் என்கிற பொருளில் இருக்கும். பூனை வளர்க்கிறவங்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கழுத்துத் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி அமுக்கறதுதான் ரொம்ப காலம் டாக்டர்களின் வழக்கம். 2011இல் அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து, பூனையைப் பயமுறுத்தாமல் கையாளும் வழிமுறைகளை வெளியிட்டன. 2022இல் அதைப் புதுப்பித்தபோது, கழுத்தைப் பிடிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதினார்கள். இதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. பூனைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியணும். வேண்டாம்னா விலகிப் போக வழி இருக்கணும்.

மனிதர்கள் விஷயத்திலும் இதே பாடத்தை நாம் கற்றோம். 2000களில் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் போலியோ சொட்டு மருந்து வேண்டாம் என்று கதவைச் சாத்திய குடும்பங்கள் ஏராளம். அதிகாரிகள் அதட்டி அந்தக் கதவுகள் திறக்கவில்லை. அதே தெருவில் வாழ்ந்த பெண்கள் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து பேசினார்கள். சொட்டு மருந்து கொடுக்காத நாளிலும் போனார்கள். குழந்தைக்குக் காய்ச்சலா, பேதியா என்று விசாரித்தார்கள். மசூதிகளிலிருந்து அறிவிப்பு வந்தது. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் நாம் போலியோ இல்லாத நாடு.

மருந்து கொடுக்காத நாளிலும் போனார்கள் என்பதைக் கவனிங்க. அத்தை இதை எந்த வழிமுறையிலும் படிக்கலை. தறியில் கத்துக்கிட்டாங்க. "இழை அறுந்தா இழுக்கக் கூடாது கண்ணு, தளர விட்டுத்தான் முடி போடணும்" என்றாங்க. டாக்டருக்குப் போன் பண்ணி, விட்டுப்போன வேளைக்கு என்ன செய்யணும்னு கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் வேலையை மாத்தினாங்க. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சரிகை பக்கத்தில் உட்கார்ந்து, தாடையைத் தடவி, உதட்டோரத்தில் விரலை வச்சு, உடனே விட்டுட்டு, ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுத்தாங்க. மாத்திரை இல்லாமலேயே. அந்த ஏழெட்டில் இரண்டு தடவை மட்டும் மாத்திரை. தலையை லேசா அண்ணாத்தி, நாக்கின் பின்பக்கம் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணி விட்டு, கோழித் துண்டு. ஐந்து நொடி வேலை. மாத்திரையை ஒளிக்கவும் இல்லை. அவன் முன்னாலேயே கையில் வச்சிருந்தாங்க.

அந்தத் தண்ணி முக்கியம். 2001இல் வந்த ஒரு ஆய்வு, வெறுமனே விழுங்க வைத்த மாத்திரையும் கேப்ஸ்யூலும் பூனையின் உணவுக்குழாயில் நிமிஷக்கணக்கில் தங்கிவிடுவதைக் காட்டியது. டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மருந்துகள் அங்கேயே புண்ணாக்கும். தண்ணீரோ உணவோ கூடவே போகணும். சங்கும் துணை மருந்தும் செய்த வேலையை இங்கே சிரிஞ்சும் கோழித் துண்டும் செய்யுது.

பத்து நாள் கணக்கு முடிஞ்சது. காயம் ஆறிடுச்சு. மாத்திரை அட்டை சரசரக்கிற சத்தம் கேட்டா இன்னைக்கும் சரிகை எழுந்து போயிடுவான். ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்துடுவான்.

கேட்டவங்களுக்குப் பதில் சுருக்கமா: டாக்டர்கிட்ட இதே மருந்து சொட்டாகவோ சின்ன மாத்திரையாகவோ கிடைக்குமான்னு முதல்லயே கேளுங்க. எதையாவது உணவில் கலக்குறதா இருந்தா, அது அந்த மருந்துக்கு ஒத்துக்குமான்னும் கேளுங்க. மனுஷ மாத்திரை எதையும் நீங்களா கொடுக்காதீங்க. அப்புறம் முக்கியமானது, பூனை நல்லா இருக்கிற நாளிலேயே அதன் வாயைத் தொட்டுப் பழகுங்க. நோய் வந்த பிறகு மருந்து கடையில் கிடைக்கும், பழக்கம் கிடைக்காது.

பெரியம்மையை ஒழித்தவர்கள், போலியோவை விரட்டியவர்கள் என்று நாம் சொல்கிற பெயர்களுக்குப் பின்னால், இப்படித் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க. உங்க வீட்டிலோ தெருவிலோ அம்மை குத்தப் போனவங்க, போலியோ சொட்டு கொடுக்கப் போனவங்க, கிராம செவிலியரா இருந்தவங்க யாராவது இருந்தா, அவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க: வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு இரண்டாவது தடவை எப்படிப் போனீங்க?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.